வாசல்காரனிடம் ஒரு கேள்வி

ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் கேட்காமலே கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் அழைத்தால் "இரு, உங்கம்மாகிட்ட தரேன்" என்று நகர்ந்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி அம்மாவிடம் தள்ளிவிட முடியாது. உறைமேல் உங்கள் பெயர் இருக்கிறது. நேரில் உங்களிடம் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச எனக்கு எப்போதுமே வந்ததில்லை. எழுதினால் வரும்போல் தோன்றுகிறது.

நான் நன்றாக இருக்கிறேன். அறை சின்னது. ஜன்னல் ஒரு சலவைக் கடையின் பின்பக்கத்தைப் பார்க்கிறது. விடிந்ததும் நீராவியும் சோப்பும் கலந்த வாசனை வரும். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்திலிருந்து அம்மா வேலை முடிந்து வரும்போது அவர் கையில் இருக்குமே, அதே வாசனை. அதனால் வாடகைக்கு இந்த அறையையே எடுத்தேன். வீட்டுக்காரரிடம் காரணம் சொல்லவில்லை.

நீங்கள் வாசல் காவல் பார்க்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடி ஆடிட்டர் தன் அலுவலகத்தில் எனக்காக ஓர் இடம் வைத்திருந்ததும், நான் வேண்டாம் என்றதும், அவர் முகத்தில் நீங்கள் தினமும் விழிக்க வேண்டியிருப்பதும் எனக்குத் தெரியும். நான் லத்தீன் படித்ததன் காரணத்தை உங்களிடம் சரியாகச் சொன்னதே இல்லை. கல்லூரியில் மற்ற எந்த வகுப்பில் உட்கார்ந்தாலும் பக்கத்தில் இருப்பவர்கள் பாதியை வீட்டிலிருந்தே கொண்டு வந்திருப்பார்கள். அவர்கள் அப்பாவோ மாமாவோ அதைப் பேசியிருப்பார், படித்திருப்பார். லத்தீன் வகுப்பில் மட்டும் யார் வீட்டிலும் அந்த மொழி இல்லை. எல்லோரும் ஒரே கோட்டில் நின்றோம். அங்கேதான் முதல்முறையாக நான் கையைத் தூக்கினேன்.

ஒரு விஷயம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தப் பள்ளியில் லத்தீன் சொல்லிக்கொடுக்கும் வேலை இன்னும் உறுதியாகவில்லை. தலைமை ஆசிரியை முதல் நாளே கூப்பிட்டு, "ஒரு பருவம் தரேன். கடைசி வகுப்புல நானே வந்து உட்காருவேன். பிள்ளைங்க அந்த மொழியில பேசணும். பேசலைன்னா அந்த நேரத்தையும் அறையையும் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துடுவேன். தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார். அப்படி நடந்தால் ஊருக்குத் திரும்பி ஆடிட்டர் சொன்ன நாற்காலியில் உட்காருகிறேன். இதை வாக்காகவே எழுதுகிறேன்.

பட்டமளிப்பு அன்று நீங்கள் அரங்கத்துக்குள் வராமல் கேட்டிலேயே நின்றதைப் பற்றி நான் அன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

உங்கள் மகள்

---

ஜூன் 25

பாப்பாவுக்கு,

கடுதாசி வந்துச்சு. நான் பேசுற மாதிரியேதான் எழுதுவேன். இலக்கணமெல்லாம் உன்னோட வச்சுக்க.

போன்ல பேசாததுக்குக் காரணம் கோபம் இல்ல. சரி, கோபம்தான். செத்துப்போன பாஷையைச் சொல்லிக்கொடுக்க, உசுரோட இருக்கிற அப்பன் ஆத்தாளை விட்டுட்டுப் போகணுமா? ஆடிட்டர் தினம் லிஃப்ட்ல ஏறும்போது "என்னப்பா, பொண்ணு என்ன சொல்லுது?"ன்னு கேக்குறாரு. நான் மூணாம் மாடி பட்டனை அமுக்கிட்டு வெளிய வந்துடுறேன். கதவு சாத்திக்குது. நல்லவேளை, அவரு கொஞ்சம் மெதுவா பேசுறவரு.

வாக்கு குடுத்துட்ட. அது போதும். பருவம் முடிஞ்சதும் பாக்கலாம். அந்த நாற்காலி இன்னும் காலியாத்தான் கிடக்குதாம்.

உங்கம்மா பக்கத்துல நின்னு "சாப்பிடுறாளான்னு கேளு, சாப்பிடுறாளான்னு கேளு"ங்குறா. கேட்டுட்டேன்.

அது சரி, பேச ஆளே இல்லாத பாஷையைப் பிள்ளைங்க எப்படிப் பேசும்? யார்கிட்ட பேசும்? சும்மா கேட்டேன். பதில் போடணும்னு இல்ல.

அப்பா

---

ஜூலை 6

அன்புள்ள அப்பாவுக்கு,

சாப்பிடுகிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள்.

"யார்கிட்ட பேசும்?" என்று கேட்டிருந்தீர்கள். நான் தூக்கம் வராமல் யோசித்ததும் அதைத்தான். ஆள் இல்லையென்றால் ஆளை உண்டாக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

மேசைகளையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டு, வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் ஒரு வீடு வரைந்தோம். பழைய ரோமாபுரிப் பணக்காரர் ஒருவரின் வீடு. இது கூடம், இது அடுக்களை, இது எஜமானர் படுக்கும் அறை, இது தோட்டம், இது பின்வாசல். ஒரு விருந்து நடந்த இரவு, எஜமானர் கடிதங்களுக்கு முத்திரை வைக்கும் மோதிரம் காணாமல் போய்விட்டது. அன்று அந்த வீட்டில் தூங்கியவர்களில் ஒருவர்தான் திருடன். முப்பது பிள்ளைகளுக்கும் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு வேஷம். எஜமானர், எஜமானி, அண்ணன் மகன், வைத்தியர், கணக்கர், சமையல்காரி, தோட்டக்காரன் என்று வீடு நிறைய ஆள்.

சட்டம் இரண்டு. சாக்பீஸ் கோட்டுக்குள் லத்தீன் மட்டும்தான் பேச வேண்டும். யாரை எது கேட்டாலும் அவர் உண்மைதான் சொல்ல வேண்டும். பொய் சொல்லும் அனுமதி திருடனுக்கு மட்டும். திருடன் யாரென்று அந்தப் பிள்ளைக்கும் எனக்கும்தான் தெரியும்.

முதல் வாரம் வீடே ஊமையாக இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த ஒரே சொல் 'நெஸ்கியோ'. எனக்குத் தெரியாது என்று அர்த்தம். மோதிரம் எங்கே? நெஸ்கியோ. நீ யார்? நெஸ்கியோ. கணக்கு வாத்தியார் வேறு ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, தனக்கு வரப்போகும் அறையை அளந்துகொள்வதுபோல் நடந்து போனார்.

பிறகு தோட்டக்காரனுக்கு அவசரமாகக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. கோட்டுக்குள் நிற்கிறான். கதவை நான் திறக்கவில்லை. காலை மாற்றி மாற்றி நின்றுவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த சொற்களை மேலும் கீழும் தேடி, "எகோ... ஃபோராஸ்... கிட்டோ!" என்று கத்தினான். நான், வெளியே, சீக்கிரம். எங்கள் வகுப்பில் உயிரோடு பிறந்த முதல் வாக்கியம் அதுதான். வீடே கைதட்டியது. பாவம், அதற்குள் அவன் ஓடிவிட்டான்.

அதற்குப் பிறகு பேச்சு பிடித்துக்கொண்டது. எல்லோரும் முதலில் சந்தேகப்பட்டது சமையல்காரியை. அந்த வேஷம் விழுந்த பெண் கொஞ்சம் வாயாடி. "டீச்சர், அவளுக்கு மட்டும் எஜமானி, எனக்கு ஏன் கரண்டி?" என்று முதல் நாளே சண்டை போட்டவள். போன பருவத்தில் எந்தப் பாடத்திலும் சரியாகத் தேறவில்லை என்று என்னிடம் சொன்னார்கள். இப்போது தன்மேல் பழி வந்ததும், இடைவேளையில்கூட என் பின்னால் வந்து "இதை எப்படிச் சொல்றது, அதை எப்படிச் சொல்றது" என்று துளைக்கிறாள். நேற்று எஜமானரின் அண்ணன் மகனை நேருக்கு நேர் நிறுத்தி, "தூ ஃபூர் எஸ்!" என்றாள். தூ என்றால் நீ. ஃபூர் என்றால் திருடன். நீதான் திருடன்!

எனக்கும் ஒரு வேஷம் உண்டு. வாசல்காரன். ஆட்களை உள்ளே விடுவதும் வெளியே விடுவதும்தான் வேலை. யாரும் அவனை எதுவும் கேட்கப்போவதில்லை என்பதால் கூச்சமுள்ள எனக்குத் தோதாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். ஆய்வுக்கூட உதவியாளரிடம் பழைய சாவிக்கொத்து ஒன்றை வாங்கி இடுப்பில் மாட்டியிருக்கிறேன். மாட்டினால் நடையே மாறுகிறது, அப்பா. நீங்கள் ஏன் வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்து நடக்கிறீர்கள் என்று இப்போதுதான் தெரிந்தது. கதவைத் திறப்பதற்கு முன்னால் ஒருமுறை தொண்டையைக் கனைக்கிறேன். அது யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் மகள்

---

ஜூலை 17

பாப்பா,

உன் கடுதாசியை வாசல் ரூம்ல வச்சுப் படிச்சதுதான் தப்பு. ராத்திரி ஷிஃப்டுக்கு வர்ற வாட்ச்மேன் பையன், கொட்டாவின்னு கூப்பிடுவோமே, அவன் "என்னண்ணே தனியா சிரிக்கிறீங்க?"ன்னு பிடுங்கிட்டான். இப்ப எல்லாரையும் அவன் 'தூ'ன்னுதான் கூப்பிடுறான். நேத்து கார் கழுவுறவன், மூஞ்சிக்கு நேரா துப்பிட்டான்னு நினைச்சு இவன் சட்டையைப் பிடிச்சுட்டான். நான் நடுவுல பூந்து, "டேய், அது மரியாதையான வார்த்தைடா, ரோமாபுரில ராஜாவையே அப்படித்தான் கூப்பிடுவாங்களாம்"னு சொல்லி வச்சேன். நிஜமா பாப்பா? நிஜமில்லாட்டி எழுதாத.

திருடன் யாருன்னு இங்க ஒரே ரகளை. நான் சொல்றேன், வைத்தியன்தான். ராத்திரில எந்த ரூமுக்குள்ள வேணாலும் போவான், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. எஜமானியே எடுத்து ஒளிச்சு வச்சுட்டு ஊரைக் கூட்டுறாள்னு கொட்டாவி சொல்றான். உங்கம்மா சொல்றது வேற. "அழுக்குத்துணில பாக்கச் சொல்லு. எங்க கூடத்துல மெஷின்ல இருந்து எத்தனை மோதிரம் எடுத்திருக்கோம்"ங்குறா. முப்பது பிள்ளைங்களோட மூளையையும் ஒரே துவையல்ல முடிச்சுட்டா.

ஆனா ஒண்ணு கேக்குறேன். உங்க ஆளுங்க யாரும் இன்னும் பின்வாசலைப் பத்தியே கேக்கலையே? ராத்திரி அது பூட்டியிருந்துச்சா? சாவி யார்கிட்ட இருந்துச்சு? ஒரு வீட்டுல ஒரு சாமான் காணோம்னா முதக் கேள்வி அதுதான். என்ன வகுப்பு நடத்துற!

ஆடிட்டர் இன்னிக்கும் கேட்டாரு. "பொண்ணு ஒரு திருட்டு கேஸ்ல மாட்டிக்கிட்டிருக்கு சார், முடிஞ்சதும் சொல்றேன்"னேன். முழிச்சாரு. கதவு சாத்திக்கிச்சு.

அடுத்த கடுதாசி சீக்கிரம் போடு. கொட்டாவி கேக்குறான்.

அப்பா

---

ஜூலை 29

அன்புள்ள அப்பாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். கடைசி வகுப்பு அடுத்த மாதம் பதினான்காம் தேதி என்று தலைமை ஆசிரியை குறித்துவிட்டார். பிள்ளைகள் இப்போது மதிய உணவு நேரத்தில்கூட வரிசையில் நின்றபடி லத்தீனில் பழி போட்டுக்கொள்கிறார்கள். பள்ளிச் சமையலறை அம்மா என்னிடம் வந்து, "என்ன மந்திரம் சொல்லிக்கொடுத்திருக்கீங்க? ஒரு பிள்ளையும் கை கழுவாம சாபம் விட்டுக்கிட்டு நிக்குது" என்றார்.

வைத்தியர் திருடன் இல்லை. இதைச் சொல்லலாம்.

விளையாட்டில் ஒரு சிக்கல் வந்திருக்கிறது. என் தவறுதான். அதை உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பிறகு எழுதுகிறேன்.

உங்கள் மகள்

---

ஆகஸ்ட் 3

பாப்பா,

எதையோ முழுங்குற. சின்ன வயசுலயும் இப்படித்தான், கண்ணாடி டம்ளரை உடைச்சுட்டு "தண்ணி தாகமே இல்ல"ன்னு சுத்திக்கிட்டு இருப்ப.

என்ன சிக்கல்? அந்தத் தலைமை அம்மா எதாவது சொன்னாங்களா? வேலை போயிருச்சா? போனா போகட்டும், சொல்லித் தொலை. நாங்க இங்க வாசல்ல உக்காந்துக்கிட்டு போஸ்ட்மேன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கோம்.

அப்பா

---

ஆகஸ்ட் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

வேலை போகவில்லை. இன்னும் இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். நான் எழுதிவைத்த கதைப்படி திருடன் எஜமானரின் அண்ணன் மகன். பின்வாசல் சாவி ராத்திரியில் எஜமானரின் அறைச் சுவரில் தொங்கும். அவன் அதை எடுத்துத் திறந்து, மோதிரத்தை வெளியே அனுப்பிவிட்டு, மறுபடி மாட்டிவிடுவான். இரண்டாவது வாரம் வீட்டைச் சுற்றிக் காட்டியபோது, யாரும் கேட்காமலே, வாசல்காரனாகிய நானும் அப்படியே சொன்னேன், சாவி எஜமானர் அறையில் இருக்கும் என்று.

போன வாரம் சமையல்காரி என் முன்னால் வந்து நின்றாள். அதுவரை வாசல்காரனை யாரும் விசாரிக்கவே இல்லை. நான் கதவுபோல ஒரு சாமானாகவே நின்றுகொண்டிருந்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு, திக்காமல் திணறாமல், "ராத்திரியில் சாவி எங்கே இருக்கும்?" என்று லத்தீனில் கேட்டாள். உங்கள் கேள்வி, அப்பா. உங்கள் கடிதத்தை அன்று காலையில்தான் இன்னொரு முறை படித்திருந்தேன். இடுப்பில் சாவிக்கொத்து கனத்துக்கொண்டிருந்தது. நான் யோசிக்கவே இல்லை. நெஞ்சை நிமிர்த்தி, கொத்தைத் தட்டிக் காட்டி, "என்னிடம்தான். பகலிலும் ராத்திரியிலும். தூங்கினாலும் தலைமாட்டில்" என்றேன்.

ஏனென்றால் நம் வீட்டில் அப்படித்தான். தலையணைக்குக் கீழே சாவி குத்துகிறது என்று அம்மா திட்டாத நாள் உண்டா?

அவள் கோட்டுக்கு வெளியே காலை வைத்து, நம் மொழியில், மெதுவாகச் சொன்னாள். "டீச்சர், அன்னிக்கு வேற சொன்னீங்க. பொய் சொல்ற பர்மிஷன் திருடனுக்கு மட்டும்தானே?" மறுபடி காலை உள்ளே வைத்தாள். என்னை நோக்கி விரலை நீட்டினாள். "தூ ஃபூர் எஸ்."

மணி அடித்துவிட்டது.

பதினான்காம் தேதி தலைமை ஆசிரியை முன்னால் விசாரணை. நான் விளையாட்டை நடத்துபவள். "அது டீச்சர் தெரியாமல் சொன்னது, கணக்கில் கிடையாது" என்று ஒரே வார்த்தையில் அழித்துவிடலாம். பழைய கதைப்படி எல்லாம் ஒழுங்காக முடியும். தலைமை ஆசிரியைக்கும் புரியும். ஆனால் அவள் நியாயமாகக் கண்டுபிடித்ததை அழித்தால், இனி அந்தப் பெண் எந்த வகுப்பிலும் வாய் திறக்க மாட்டாள். அழிக்காவிட்டால் திருடன் வாசல்காரன். அவனுக்கு உங்கள் நடை, உங்கள் கனைப்பு, உங்கள் சாவி. முப்பது பேர் முன்னால் அவனைத் திருடன் என்று நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

இதைத்தான் முழுங்கினேன்.

உங்கள் மகள்

---

ஆகஸ்ட் 10

பாப்பா,

ஒரு நாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தேன். உங்கம்மா "யார்கிட்ட சண்டை?"ன்னா. "ரோமாபுரிக்காரங்ககிட்ட"ன்னேன். கடுதாசியைக் கொட்டாவிகிட்டக் காட்டக்கூடாதுன்னு சட்டைப் பாக்கெட்ல வச்சிருந்தேன். சட்டையைக் கழட்டி மாட்டிட்டு முகம் கழுவப் போனேன், திரும்பி வந்தா அவன் சத்தம் போட்டுப் படிச்சுக்கிட்டு இருக்கான். கார் கழுவுறவனும் லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவரும் சுத்தி உக்காந்திருக்காங்க.

படிச்சு முடிச்சுட்டு என்ன பண்ணான் தெரியுமா? எந்திரிச்சு நின்னு, "அட! கடைசில நம்மாளாண்ணே!"ன்னு என்னைக் கட்டிப் பிடிச்சுட்டான். "வைத்தியன், எஜமானி, எல்லாரையும் ஏமாத்திட்டு அத்தனை வாரம் வாசல்லயே கல்லு மாதிரி நின்னிருக்கான் பாருங்க! என்னா தில்லு!" லிஃப்ட் ரிப்பேர்காரர் எனக்குக் கை குடுத்தாரு. நான் என்ன செய்யுறது? வாங்கிக்கிட்டேன்.

அப்புறம் தனியா உக்காந்து யோசிச்சேன். இத்தனை வருசத்துல இந்தக் கட்டடத்துல என்கிட்ட யாரும் கேட்ட கேள்வி ரெண்டு. லிஃப்ட் வேலை செய்யுதா. தண்ணி எப்ப வரும். உள்ள போறவன் என்னைத் தாண்டித்தான் போறான், வெளிய வர்றவன் என்னைத் தாண்டித்தான் வர்றான். 'என்னப்பா'ன்னுதான் கூப்பிடுவாங்க. ஆடிட்டருக்கு என் பேரு தெரியுமான்னு எனக்கே சந்தேகம். உன் வகுப்புல ஒரு பொண்ணு அந்த வாசல்காரன் முன்னாடி வந்து நின்னு, உனக்கு என்ன தெரியும் சொல்லுன்னு கேட்டிருக்கா. இவனும் இந்த வீட்டுல ஒரு ஆளுதான்னு அவளுக்குத்தான் தோணியிருக்கு. திருடன்னு சொன்னா சொல்லட்டும். சாவி வச்சிருக்கிறவன் பதில் சொல்லித்தான் ஆகணும். கேள்வியைக் குடுத்ததும் நான், மாட்டினதும் நான். நல்லா வேணும்.

அவ கேட்டதை அழிச்சுடாத. வாசல்காரன் பதில் சொல்லட்டும்.

இன்னொண்ணு. நீ கேக்கல, ஆனா ரெண்டு தடவை கேக்கலைன்னு எழுதிட்ட. பட்டமளிப்பு அன்னிக்கு நான் உள்ள வரத்தான் கிளம்பினேன். புதுச் சட்டை போட்டிருந்தேன், பாத்திருப்ப. கேட்ல ஒரே ஒரு காவலாளி, சின்னப் பையன் மாதிரி. நாலாப் பக்கமும் கார். ஒருத்தன் ஹார்ன் அடிக்கிறான், ஒருத்தன் திட்டுறான், பின்னாடி ஒரு ஆம்புலன்ஸ் வழி கேட்டு நிக்குது. அவன் கையைக் காலை உதறுறான். எனக்குக் காலு உள்ள போகல. "தம்பி, நீ அந்தப் பக்கம் பாரு"ன்னு சொல்லிட்டு இந்தப் பக்கம் நான் நின்னேன். எல்லா வண்டியும் உள்ள போனப்புறம் பாக்குறேன், உன் பேரைக் கூப்பிட்டு முடிச்சுட்டாங்க. கைதட்டுற சத்தம் மட்டும் வெளிய கேட்டுச்சு. அது உனக்குத்தான்னு நானே வச்சுக்கிட்டேன்.

உன் பக்கத்துல வர வெக்கப்பட்டேன்னு நீ நினைச்சிருப்ப. அதை வாயால சொல்ல வரல. எழுதுனா வரும்னு நீதான் சொன்ன.

அப்பா

---

ஆகஸ்ட் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் பதின்மூன்றாம் தேதி மாலை கைக்கு வந்தது. சலவைக் கடைக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்னம்மா, நல்ல சேதியா கெட்ட சேதியா? அழுகுறீங்களா சிரிக்கிறீங்களான்னு தெரியலையே" என்றார். எனக்கும் தெரியவில்லை.

மறுநாள் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கொட்டாவி அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும் சத்தமாகவே படித்துக் காட்டுங்கள்.

தலைமை ஆசிரியை கடைசி வரிசையில் ஒரு நாற்காலியைச் சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் கணக்கு வாத்தியார். அண்ணன் மகன் வேஷம் போட்ட பையன் வகுப்பு தொடங்கும் முன் என்னிடம் ரகசியமாக வந்து, "டீச்சர், அப்ப நான் திருடன் இல்லையா? லத்தீன்ல எவ்வளவு பொய் மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன்!" என்று முகம் வாடி நின்றான். அடுத்த விளையாட்டில் பெரிய பொய்யனாக ஒரு வேஷம் தருவதாகச் சொல்லித் தேற்றினேன்.

நான் எதையும் அழிக்கவில்லை. வாசல்காரனாகக் கூடத்தின் நடுவில் போய் நின்றேன். கல்லூரியில் கையைத் தூக்கவே ஒரு வருடம் எடுத்துக்கொண்டவள் நான். ஒருமுறை கனைத்துக்கொண்டேன். உங்கள் கனைப்பு. அது வந்ததும் முதுகு நிமிர்ந்துவிட்டது.

சமையல்காரிதான் விசாரித்தாள். சாட்சிகளை ஒவ்வொருவராக நிறுத்தினாள். அன்று என்ன சொன்னான், இன்று என்ன சொன்னான் என்று கேட்டாள். தோட்டக்காரன் சொன்னான், கணக்கர் சொன்னார், எஜமானியும் சொன்னாள். நாற்பது நிமிடம் அந்த அறையில் லத்தீனைத் தவிர வேறு சத்தம் இல்லை. சில இடத்தில் தப்பும் தவறுமாக, சில இடத்தில் கையைக் காலை ஆட்டி. ஆனால் யாரும் நெஸ்கியோ என்று சொல்லவில்லை.

கடைசியாக அவள் என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு சொல் கேட்டாள். "கூர்?" ஏன்? ஏன் எடுத்தாய்?

அதற்கு நான் பதில் எழுதி வைத்திருக்கவில்லை. உங்கள் கடிதம்தான் இருந்தது. "நேமோ மே ரொகாவிட்" என்றேன். யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. எல்லோரும் என்னைத் தாண்டித்தான் போகிறார்கள். மோதிரம் தொலைந்தால் என்னிடமும் வந்து கேட்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் அப்போதும் கேட்கவில்லை, இவள் ஒருத்தியைத் தவிர.

அவள் அடுத்துத் தண்டனை சொல்ல வேண்டும். சொல்லவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு கேள்வியைக் கேட்டாள். "க்விட் நோமென் திபி எஸ்ட்?" உன் பெயர் என்ன?

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அந்த வீட்டில் எஜமானரிலிருந்து தோட்டக்காரன்வரை எல்லோருக்கும் நான் பெயர் வைத்திருந்தேன். வாசல்காரனுக்கு மட்டும் வைக்கவில்லை. நானும்கூட அவனைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

உங்கள் பெயரைச் சொன்னேன், அப்பா. லத்தீன் மாதிரி வளைக்காமல், அப்பாவின் பெயராகவே, முழுதாக. அது ரோமாபுரிப் பெயர் இல்லை என்று பிள்ளைகளில் ஒருவர்கூட ஆட்சேபம் சொல்லவில்லை. வீடு முழுக்க அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னது, பாடம் மாதிரி, சத்தமாக.

அப்போது கடைசி வரிசையில் ஒரு கை மேலே எழுந்தது. தலைமை ஆசிரியையின் கை. பக்கத்திலிருந்த பெண்ணிடம் குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டு, கோட்டுக்குள் ஒரு காலை எடுத்து வைத்து, எங்களைவிடக் கூச்சத்தோடு, "உபி எஸ்ட்... ஆனுலுஸ்?" என்றார். மோதிரம் எங்கே? எல்லோரும் மறந்தே போயிருந்த கேள்வி!

நான் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்கினேன். சாவிகளுக்கு நடுவே மோதிரம் தொங்கியது. முதல் நாள் இரவு உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, திரைச்சீலையின் பித்தளை வளையம் ஒன்றைக் கழற்றி அதில் கோத்துவைத்திருந்தேன். வகுப்பு முழுக்க அது எல்லோர் கண்ணெதிரிலும் ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு எழுந்து வந்துவிட்டது.

"அந்தப் பொண்ணா இது?" என்று தலைமை ஆசிரியை இரண்டு முறை கேட்டார், சமையல்காரியைப் பார்த்து. பிறகு என்னிடம், "அடுத்த பருவமும் நடத்துங்க. அதுக்கடுத்ததும். கணக்குக்கு வேற அறை பார்த்துக்கலாம்" என்றார். கணக்கு வாத்தியார் மாலையில் ஆசிரியர் அறையில், அடுத்த விளையாட்டில் பிணமாகவாவது ஒரு வேஷம் கிடைக்குமா என்று கேட்டார். அடுத்த பருவத்துக்குச் சேரப் பெயர் கொடுத்த பிள்ளைகள் இந்த அறைக்குள் அடங்க மாட்டார்கள்.

ஆகவே ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள், அவருடைய நாற்காலியில் வேறு யாரையாவது உட்கார வைக்கலாம் என்று. லிஃப்ட் கதவு சாத்தும் முன்னாலேயே சொல்லுங்கள். கேஸ் முடிந்தது, தீர்ப்பு நமக்குச் சாதகம். ராஜாவையும் அங்கே 'தூ' என்றுதான் கூப்பிடுவார்கள். அது நிஜம்தான், கொட்டாவி அண்ணன் தைரியமாகச் சொல்லலாம்.

முதல் வரியிலிருந்தே ஒன்று கேட்க நினைத்து இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை பெற்றோரை அழைத்து வகுப்புகளைக் காட்டுகிறார்கள். பிள்ளைகள் அந்த விசாரணையை மறுபடி நடத்துகிறார்கள். உண்மையான வாசல்காரரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று சமையல்காரி பிடிவாதமாக நிற்கிறாள். அவள் கேட்பதற்கு நீங்கள் நம் மொழியிலேயே பதில் சொன்னால் போதும், நான் மாற்றிச் சொல்கிறேன். சாவிக்கொத்தைக் கொண்டு வாருங்கள். அந்தப் புதுச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

எங்கள் பள்ளி கேட்டில் இரண்டு காவலாளிகள் இருக்கிறார்கள், அப்பா. இருவரும் கெட்டிக்காரர்கள், நேற்றே போய்ப் பேசிவிட்டு வந்தேன். எத்தனை வண்டி வந்தாலும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்தத் தடவை நீங்கள் உள்ளே வாருங்கள்.

உங்கள் மகள்